கீழ் டிரைவில் சிக்கிய கார்ட்ரிட்ஜ்: டேப் லைப்ரரி குறித்த புகார்

அனுப்புநர்:
ஆவணக் காப்பகப் பொறுப்பாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
கோலாலம்பூர்.

பொருள்: டேப் லைப்ரரியின் ஏற்றி இறக்கும் பகுதியில் பழுது, பழுதுபார்க்க வந்தவரால் நாடாவுக்கு ஏற்பட்ட சேதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் நிறுவனத்திடம் நாங்கள் வாங்கிய 24 ஸ்லாட் டேப் லைப்ரரியில் (காந்த நாடா உள்ள கார்ட்ரிட்ஜ்களை ஸ்லாட் எனும் அறைகளில் வைத்திருந்து, மேலும் கீழுமாக உள்ள இரண்டு டிரைவ்களில் தானே ஏற்றிப் படிக்கவும் எழுதவும் செய்யும் இயந்திரம்), கார்ட்ரிட்ஜை டிரைவுக்குள் வைத்து எடுக்கும் பகுதி பழுதாகியிருக்கிறது. அதைப் பார்க்க வந்த உங்கள் தொழில்நுட்பர், உள்ளே சிக்கியிருந்த கார்ட்ரிட்ஜைப் பலவந்தமாக வெளியே எடுத்து நாடாவைக் கசக்கிவிட்டார். அதன் பிறகு உங்கள் சேவைப் பிரிவிலிருந்து வந்த மின்னஞ்சல், எங்கள் அறையின் ஈரப்பதமும் நாங்கள் ஒட்டிய லேபிள்களுமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லி, உத்தரவாதம் செல்லாது என்று முடிகிறது. இதை நான் ஏற்கவில்லை. இந்தக் கடிதத்தையும் அதே பிரிவுக்குத் தள்ளிவிடாமல் நீங்களே படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கார்ட்ரிட்ஜில் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மின்னஞ்சலில் அது "ஒரு மீடியா" என்று மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் காப்பகம் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் செக்ரோல் புத்தகங்களையும் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடுகள்), தமிழ்ப்பள்ளிப் பதிவேடுகளையும், பெரியவர்களின் வாய்மொழிகளையும் சேர்த்து வைக்கிறது. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாகின, கிராணி (தோட்ட எழுத்தர்) அலுவலகத்துக் காகிதங்கள் குப்பையோடு போயின. போகாமல் தப்பியவற்றைத்தான் நாங்கள் படமெடுத்து வைக்கிறோம். சேதமான கார்ட்ரிட்ஜில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குத் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகள் பேசிய பதிவுகள் இருந்தன. 1948 ஜூன் மாதம் எல்பில் தோட்டத்தில் மேலாளரான துரை சுட்டுக் கொல்லப்பட்ட நாளில் சிறுவனாகப் பிரட்டுக் களத்தில் (வேலையாட்களைப் பெயர் கூப்பிடும் இடத்தில்) நின்றவர் பேசியது இருந்தது. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கிய பால்மரத் தொழிலாளிகளின் பேச்சும் இருந்தது. பேசியவர்களில் பலர் இன்று இல்லை. அவர்களை மறுபடி உட்கார வைத்துப் பேசச் சொல்ல முடியாது. கணினியில் எங்களிடம் இருப்பவை பார்வைக்கு மட்டும் உதவும் சுருக்கிய பிரதிகள். மூலத் தரத்தில் இருந்தது இந்த நாடாவில்தான். மேல் டிரைவில் வெற்றுக் கார்ட்ரிட்ஜை வைத்து, இதற்கு இரண்டாவது பிரதி எடுக்கும் வேலை நடந்தபோதுதான் பழுது நேர்ந்தது.

கார்ட்ரிட்ஜ் எப்படி உள்ளே போய் வெளியே வர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் எங்கே பிசகுகிறது என்று காட்ட அதை வரிசைப்படிச் சொல்லியாக வேண்டும். பிக்கர் எனப்படும் கை ஸ்லாட்டின் முன் வந்து நின்று, கார்ட்ரிட்ஜின் இரு பக்கமும் உள்ள பள்ளங்களைத் தன் விரல்களால் பற்றி வெளியே எடுக்கிறது. டிரைவின் வாய்வரை கொண்டுபோய் உள்ளே தள்ளுகிறது. மீதியை டிரைவே பார்த்துக்கொள்ளும்: கார்ட்ரிட்ஜை இழுத்துக் கீழே இறக்கி, அதன் சிறிய கதவைத் திறந்து, நாடாவின் முனையில் இருக்கும் லீடர் பின்னைப் பிடித்துத் தன் சுருளுக்கு இழுத்துச் செல்லும். நாங்கள் பயன்படுத்தும் எல்டிஓ என்ற வகைக் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது ஒரே சுருள். மற்றது டிரைவுக்குள் இருக்கிறது. ஆகவே இறக்கும்போது நாடா முழுவதும் கார்ட்ரிட்ஜுக்குள் திரும்பிச் சுருண்டு, பின் தன் கவ்விகளில் உட்கார்ந்து, கதவு மூடிய பிறகே கார்ட்ரிட்ஜ் வெளியே தள்ளப்பட வேண்டும். பிக்கர் அதன் பிறகுதான் தொட வேண்டும்.

எங்கள் லைப்ரரியில் மேல் டிரைவில் இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறது. கீழ் டிரைவிலிருந்து வெளியே தள்ளப்படும் கார்ட்ரிட்ஜ் நேராக வருவதில்லை. வலப்பக்கம் சற்றே தாழ்ந்து வருகிறது. பிக்கரின் வலது விரல் பள்ளத்தைப் பிடிக்காமல் அதன் விளிம்பை உரசுகிறது, வழுக்குகிறது, பின்வாங்கி மறுபடி முயல்கிறது. கீழ் டிரைவுக்குள் போய் வந்த கார்ட்ரிட்ஜ்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் வலது பள்ளத்துக்குக் கீழே ஒரே இடத்தில் நகக்கீறல்போல ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. மேல் டிரைவை மட்டும் கண்ட கார்ட்ரிட்ஜ் ஒன்றில்கூட அந்தக் கோடு இல்லை. படங்களை இணைத்திருக்கிறேன். சம்பவத்தன்று அப்படி வழுக்கிய விரல் கார்ட்ரிட்ஜை மீண்டும் உள்ளே தள்ளிவிட்டது. புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்ட டிரைவ் நாடாவை மறுபடி இழுத்துக்கொண்டது. லைப்ரரி பிழை காட்டி நின்றுபோனது. இயந்திரத்தின் நிகழ்வுப் பதிவேட்டில் இந்த வரிசை அப்படியே இருக்கிறது, அதையும் இணைத்திருக்கிறேன்.

கீழ் டிரைவைத் தாங்கும் தட்டின் வலப்பக்கத் திருகு முழுதாக இறங்கவில்லை. இது உங்கள் தொழில்நுட்பரே என் கண் முன்னால் கழற்றியபோது தெரிந்தது. இரண்டு சுற்றிலேயே கையோடு வந்துவிட்டது. தட்டைப் பொருத்தியவர்கள் உங்கள் ஆட்கள். அதற்குப் பிறகு நாங்கள் அதைத் தொட்டதில்லை. தொடக்கூடாது என்று உங்கள் ஒப்பந்தமே சொல்கிறது. தட்டு சாய்ந்ததால் கார்ட்ரிட்ஜ் சாய்ந்தது, அதில் மோதி மோதி இப்போது பிக்கரின் விரலும் வளைந்திருக்கிறது என்பது என் கணிப்பு. தவறாக இருந்தால் அளந்து காட்டுங்கள்.

ஈரப்பதம் பற்றி: அறையில் ஏர்கண்டிஷனரும் ஈரநீக்கியும் இரவு பகலாக ஓடுகின்றன, ஈரமானி 45 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. நாடாக்களை நெடுங்காலம் வைத்திருக்கத் தயாரிப்பாளர்கள் சொல்லும் அளவு 16 முதல் 25 டிகிரி செல்சியஸ், 20 முதல் 50 விழுக்காடு. நாங்கள் அதற்குள்தான் இருக்கிறோம். ஈரம்தான் காரணம் என்றால் அரை முழம் மேலே இருக்கும் டிரைவையும் அது பாதித்திருக்க வேண்டுமல்லவா? லேபிள்களும் அப்படியே. அச்சிட்டு வாங்கிய பார்கோடு லேபிள்கள் அவை. அவற்றுக்கென்று உள்ள பள்ளத்துக்குள் ஒன்றின்மேல் ஒன்று வராமல் ஒட்டப்பட்டவை. இதே லேபிள்களோடு இதே கார்ட்ரிட்ஜ்கள் மேல் டிரைவில் சிக்கலின்றி ஏறி இறங்குகின்றன.

கிளீனிங் கார்ட்ரிட்ஜைப் போட்டுப் பாருங்கள் என்று தொலைபேசியில் சொன்னார்கள். போட்டோம். அது படிக்கும் தலையைத்தான் துடைக்கும். சாய்ந்த தட்டை அது எப்படி நிமிர்த்தும்?

இனி எனக்கு மிகுந்த வேதனை தரும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தொழில்நுட்பர் வந்தபோது கார்ட்ரிட்ஜ் டிரைவுக்குள் நல்ல நிலையில் இருந்தது. டிரைவ் படிக்கிறதா என்று சோதிக்க அவர் நாடாவை வெகுதூரம் ஓட விட்டார், படித்தது. பிறகு இறக்கும் கட்டளை கொடுத்தார். நாடா திரும்பிச் சுருள்வதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். 960 மீட்டர் நாடா அது. காத்திருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். வேறு ஊரில் வேலை இருக்கிறது என்று சொல்லி, பாதியில் மின்சாரத்தை நிறுத்தினார். அப்போதும் காரியம் கெட்டுவிடவில்லை. மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்திருந்தால், இத்தகைய டிரைவ்கள் விட்ட இடத்திலிருந்து மெதுவாகச் சுருட்டிக்கொள்ளும். அவரோ டிரைவை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து, கார்ட்ரிட்ஜைத் தூக்கினார். நாடா வளையமாகத் தொங்கியது. பளபளப்பான அந்தக் கறுப்பு நாடாவை வெறும் விரலால் பிடித்துச் சுற்றினார். அதன் தடிமன் 5.6 மைக்ரான். குறுக்கே விழுந்த மடிப்பை நான் அங்கேயே பார்த்தேன். லீடர் பின் கவ்வியில் உட்காராமல் சாய்ந்து நிற்கிறது. கதவு முழுதாக மூடவில்லை.

கொஞ்ச தூரம்தானே, மடிந்த பகுதியை விட்டுவிட்டு மற்றதைப் படித்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். உங்கள் மின்னஞ்சலும் அதையே சொல்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இப்படி எழுதலாமா? எல்டிஓ நாடாவில் பதிவு ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிந்துவிடுவதில்லை. தலை நாடாவின் நீளத்துக்கும் போய், சற்று நகர்ந்து, அதே நீளத்துக்கும் திரும்பி வருகிறது. எட்டாம் தலைமுறையான எல்டிஓ-8 கார்ட்ரிட்ஜ் நிறைவதற்குள், போவதும் வருவதும் சேர்த்து 208 முறை இப்படி நாடாவைக் கடக்கிறது. ஆகவே நாடாவின் ஒரு சாண் துண்டில் முதல் பதிவின் பகுதியும் இருக்கும், கடைசிப் பதிவின் பகுதியும் இருக்கும். எங்கள் கார்ட்ரிட்ஜ் ஏறக்குறைய நிரம்பியது. குறுக்கே விழுந்த ஒரு மடிப்பு, அந்த இடத்தைக் கடந்து போகும் எல்லாத் தடங்களையும் தொடுகிறது. அதை ஏதாவது ஒரு டிரைவில் போட்டு ஓட்டிப் பார்த்தால் நாடா அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு. விற்கும் இயந்திரம் எப்படி எழுதுகிறது என்பதை அறியாதவரை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியது நிறுவனத்தின் பொறுப்பின்மை. அந்த இளைஞர்மீது நடவடிக்கை எடுக்கும்படி நான் கேட்கவில்லை. ஒரே நாளில் இத்தனை ஊர்களுக்கு அவரை ஓட விடுவது யார் என்று பாருங்கள்.

இதற்கு நடுவில் உங்கள் விற்பனைப் பிரிவிலிருந்தும் ஓர் அழைப்பு வந்தது. பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எல்டிஓ-9 டிரைவ் கொண்ட புதிய லைப்ரரியை வாங்கினால் தள்ளுபடி உண்டு, உங்களிடம் உள்ள நாடாக்கள் எல்லாவற்றையும் அது படிக்கும் என்றார்கள். எங்களிடம் எல்டிஓ-7 கார்ட்ரிட்ஜ்களும் இருக்கின்றன. எல்டிஓ-9 டிரைவ் எட்டாம் தலைமுறையையும் ஒன்பதாம் தலைமுறையையும் மட்டுமே படிக்கும். அந்தப் பேச்சை நம்பியிருந்தால் எங்கள் சேகரிப்பில் ஒரு பங்கு படிக்க வழியில்லாமல் போயிருக்கும்.

நான் கேட்பவை இவை. சேதமான கார்ட்ரிட்ஜை நாடா மீட்பில் அனுபவமுள்ள ஆய்வகத்துக்கு உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். எந்த ஆய்வகம் என்பதை எங்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். உங்கள் பட்டறையில் யாரும் அதைத் திறக்கக் கூடாது. பிக்கரையும் கீழ் டிரைவையும் அதன் தட்டையும் மாற்றி, எங்கள் முன்னிலையில் நேர்நிலை சரிபார்த்து, 24 ஸ்லாட்டுகளிலிருந்தும் வெற்றுக் கார்ட்ரிட்ஜ்களைக் கீழ் டிரைவில் ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டும். எங்கள் பதிவுகளை வைத்து இனி எந்தச் சோதனையும் வேண்டாம். அந்த வேலை முடியும்வரை மாற்று இயந்திரம் ஒன்று தர வேண்டும். ஈரப்பதம், லேபிள் என்று எழுதிய மின்னஞ்சலை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும். அது கோப்பில் இருக்கும்வரை அடுத்த பழுதுக்கும் அதையே காட்டுவீர்கள்.

1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, விற்கப்படும் பொருளின் தரமும் தகுதியும் பற்றி என்ன சொல்கிறது என்பதை எங்கள் வழக்கறிஞர் எனக்கு விளக்கியிருக்கிறார். அந்த வழியில் போக எனக்கு விருப்பமில்லை. இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் உங்கள் கையெழுத்தோடு பதில் வராவிட்டால் போவேன்.

கார்ட்ரிட்ஜை அதன் பெட்டியில் வைத்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் முத்திரையிட்டு, இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். எடுத்துச் செல்ல வருபவர் உங்கள் நிறுவனத்தின் அதிகாரக் கடிதத்தோடு வந்து, முத்திரை உடையாமல் இருப்பதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். காப்பகம் திங்கள் முதல் சனி வரை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்.

இப்படிக்கு,
ஆவணக் காப்பகப் பொறுப்பாளர்

இணைப்பு: நிகழ்வுப் பதிவேடு, கார்ட்ரிட்ஜ்களின் படங்கள், தட்டுத் திருகின் படம், ஈரமானிக் குறிப்பேட்டின் நகல், சேவைப் பிரிவின் மின்னஞ்சல்