பலாவ் டிரிப்: விமானம் தேடுற கனவுல இருக்கவங்களுக்கு

மக்களே, டிரிப் கன்ஃபார்ம் ஆனதுலேருந்து பசிபிக் தீவு நாடான பலாவ் கடல்ல "ரெண்டாம் உலகப் போர்ல விழுந்த விமானம் ஏதாவது புதுசா சிக்குமா"ன்னு ஆளாளுக்கு கேக்குறீங்க, அதான் ஒரே மெசேஜா போடுறேன்.

1993ல, போர்ல மூழ்கின ஒரு ஜப்பானிய கப்பலைத் தேடுற டீமோட பலாவ் போன பாட்ரிக் ஸ்கானன்ங்கிற அமெரிக்கர் ஆழமில்லாத தண்ணில ஒரு பி-24 குண்டுவீச்சு விமானத்தோட இறக்கையைப் பாத்துட்டு, அதுக்கப்புறம் வருஷா வருஷம் தேடவே போக ஆரம்பிச்சுட்டாரு. 1944 செப்டம்பர் 1ல சுடப்பட்டு விழுந்த இன்னொரு பி-24 அவர் டீமுக்கு 2004லதான் கிடைச்சுது, அதுவும் உள்ளூர் மீனவர் ஒருத்தர் சொன்ன துப்புலதான். சோனார் (ஒலியை வெச்சு கடலடில தேடுற கருவி) இருக்கட்டும், மீன்பிடிக்கிறவங்ககிட்ட பேசாம தண்ணில குதிச்சா சிலிண்டர் காத்துதான் வேஸ்ட்.

கீழ விமானம் முழுசா உக்காந்திருக்கும்னு நினைக்காதீங்க, பவளம் மூடி பாறை மாதிரிதான் இருக்கும், நேர்கோடு, வரிசையா ரிவெட், நீட்டிட்டு நிக்கிற புரொப்பெல்லர் பிளேடு, இதெல்லாம் கண்ணுல பட்டா நின்னு பாருங்க. முழு உருவம் பாக்கணும்னா ஜப்பான்காரங்களோட ஜேக்ங்கிற சீப்ளேன் (தண்ணில இறங்குற விமானம்) இருக்கு, சுமார் 15 மீட்டர் ஆழத்துல, மொத நாள் அங்கதான்.

எதையும் தொடாதீங்க, ஒரு ஆணியைக்கூட எடுக்காதீங்க. வெடிக்காத குண்டு இருக்கலாம், உள்ள செத்தவங்க எலும்பும் இருக்கலாம். புதுசா ஏதாவது தெரிஞ்சா போட்டோ மட்டும் எடுத்து கைடுகிட்ட சொல்லுங்க, லொகேஷனை ஸ்டேட்டஸ்ல போட்டா எனக்கு செம கோவம் வரும்.

காம்பஸ், ரீல் (தண்ணிக்கடில வழி தவறாம இருக்க விடுற கயிறு சுருள்) சொந்தமா வெச்சிருக்கவங்க கீழ பேர் போடுங்க.