எந்த மென்பொருள் என்று கேட்டிருந்தாய்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். பின்னேரமானால் மழை, காலி வீதியில் பஸ் நகராது. வேறு புதினம் இல்லை.

கந்தோர் ஆவணங்களைத் தேட எந்த மென்பொருள் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். அதை ஆகக் கடைசியாக யோசி. எலாஸ்டிக்சேர்ச் என்றாலும் சோலர் என்றாலும் உள்ளே ஓடுவது லூசீன் என்ற ஒரே தேடல் நிரல்தான். கோளாறு உங்கள் கோப்புகளுக்குள் இருக்கும்.

பழைய தமிழ்ச் சுற்றுநிருபங்களை பாமினி என்ற எழுத்துருவில்தான் அடித்திருப்பார்கள்; அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைப் போட்டுக் காட்டும். திரையில் 'கடன்' என்று தெரியும். கோப்புக்குள் கிடப்பதோ எஃப், எல், டி, ஓர் அரைப்புள்ளி. இப்போது எல்லோரும் அடிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் தேடுகிறவருக்கு அது அகப்படவே அகப்படாது. இன்டெக்ஸில், அதாவது தேடலுக்கான சொல்லட்டவணையில், ஏற்றுமுன் யூனிகோடுக்கு மாற்றவேண்டும். வெறும் எழுத்தாக உருவியெடுத்து மாற்றாதே. எழுத்துருவின் பெயர் தொலைந்து, பக்கத்திலுள்ள ஆங்கில வரிகளும் தமிழ்க் குப்பையாகிவிடும். வேர்ட் கோப்பில் துண்டு துண்டாக எழுத்துருவைப் பார்த்து, பாமினி உள்ளதை மட்டும் மாற்று. பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் கிடக்கும், யூனிகோடில் பின்னால்; அந்த இடமாற்றத்தையும் கவனி. முடிந்ததும் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற யூனிகோடின் ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவா. இல்லாவிட்டால் 'கொ'வின் உயிர்க்குறி ஓரிடத்தில் ஒன்றாகவும் இன்னோரிடத்தில் கொம்பு, கால் என இரண்டாகவும் இருந்து, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் பொருந்தாது.

ஸ்கேன் பண்ணுகிறவற்றுக்கு 300 டிபிஐ தெளிவு வை; படத்திலிருந்து எழுத்தை வாசிக்க டெசராக்ட் மென்பொருளும், அதற்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றின் மொழிக் கோப்பும் வேண்டும். றப்பர் முத்திரை விழுந்த இடம் பிழைக்கும்; இலக்கத்தையும் திகதியையும் ஆள் வைத்துச் சரிபார்.

அடுத்தது சொற்கள். ஆட்கள் 'ஈபிஎஃப்' என்று அடிப்பார்கள். ஆவணத்தில் 'ஊழியர் சேமலாப நிதி', சிங்களப் பிரதியில் 'சேவக அர்த்தசாதக அரமுதல'. மூன்றையும் ஒத்தசொல் பட்டியலில் போடு. பட்டியலைத் தேடும் நேரத்து அனலைசரில், அதாவது தேடுகிறவர் அடித்த சொற்களைப் பிரித்துப் பார்க்கும் பகுதியில், வை. இன்டெக்ஸ் கட்டும்போது வைத்தால், ஒரு சொல் கூடினாலும் பழைய ஆவணங்களை முழுக்கத் திரும்ப ஏற்றவேண்டிவரும். என்ன சொற்கள் தேவை என்று கூட்டம் வைத்து மண்டையை உடைக்காதே. ஒன்றும் கிடைக்காமல் போன தேடல்களின் பதிவைக் கிழமைக்கொருமுறை எடுத்துப் பார், அதிலேயே கிடக்கும்.

அனுமதியைத் தேடலுக்குள்ளேயே வடிகட்டு. முடிவுகள் வந்தபின் மறைப்பது ஆபத்து: ஒருவரின் பெயரோடு 'ஒழுக்காற்று விசாரணை' என்று அடித்தால், கோப்பு திறக்காவிட்டாலும் மேலே '1 ஆவணம்' என்று காட்டும். அது போதாதா ஊர் முழுக்கக் கதை பரவ!

பதிவு கையில் வந்ததும் எனக்கும் அனுப்பு, ஒத்தசொற்களைச் சேர்ந்து போடுவோம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்