சபையின் உதவிப்பணி: குழுவினர் கவனத்திற்கு

சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம். முதியோர் இல்லத்துக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் இந்த மாதக் காணிக்கையில் ஒரு பங்கு போகிறது. பொருளாகக் கொடுக்க நினைப்பவர்கள், என்ன தேவை என்று உதவிக் குழுவிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பண்டிகை வந்தால் எல்லோரும் இனிப்பும் பழைய துணியும்தான் கொண்டுபோகிறோம். அவர்களுக்கோ மருந்து, சோப்பு, மின்கட்டணம் என்று வருடம் முழுக்கச் செலவு. அதனால் சின்னத் தொகையானாலும் மாதாமாதம் கொடுங்கள். உறையின் மேல் ‘உதவிப்பணி’ என்று எழுதினால்தான் அந்தக் கணக்கில் சேரும். ரசீதும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரம் தரக்கூடியவர்கள் எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் என்று இங்கேயே பதிவிடுங்கள். ஒருநாள் கூட்டமாகப் போவதைவிட வாரம் ஒருவர் தவறாமல் போவதுதான் அவர்களுக்கு உபயோகம். கணக்கு எழுதத் தெரிந்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்புறம், காப்பகத்துக் குழந்தைகளைப் படமெடுத்துப் பகிர வேண்டாம். சரி, சனிக்கிழமை காலை அங்கே போக யாரால் வண்டி கொண்டுவர முடியும்?