தயாரிப்பாளர் ரசிகரா என்று கேட்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி நீ அனுப்பியதை மூன்று தடவை படித்தேன். உனக்கு உயிரான அந்தப் பழைய தொடரை மறுபடி எடுக்கப்போகிறவர், தான் அதன் ரசிகர் இல்லை என்று பேட்டியில் சொல்லிவிட்டார், "அவ்வளவுதான், முடிஞ்சது கதை" என்று எழுதியிருந்தாய். உன் வயிற்றெரிச்சல் புரிகிறது. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது ஹார்வ் பென்னட். அறுபதுகளின் விண்வெளித் தொடரான ஸ்டார் ட்ரெக்கை வைத்து 1979இல் வந்த முதல் படம் 4 கோடி டாலருக்கு மேல் விழுங்கிவிட்டுப் பலருக்கு அலுப்பைத்தான் கொடுத்தது. அடுத்த படம் டிவி தயாரிப்பாளரான பென்னட் கைக்கு வந்தது. அவர் ரசிகர் கிடையாது. ஆனால் உட்கார்ந்து பழைய தொடரை முழுக்கப் பார்த்தார், மொத்தம் 79 எபிசோட். அதில் 1967இல் வந்த ஒன்றின் கடைசியில், வில்லன் கானை ஒரு காட்டுக் கிரகத்தில் இறக்கிவிட முடிவான பிறகு, இன்று போட்ட விதை என்னவாக முளைத்திருக்கிறது என்று நூறு வருஷம் கழித்து வந்து பார்த்தால் சுவாரசியமாக இருக்கும் என்பார் விண்கலத்தின் அதிகாரி ஸ்பாக். அத்தனை வருஷமாகச் சும்மா கிடந்த அந்த நூலைப் பென்னட் பிடித்துக்கொண்டார். இயக்க வந்த நிக்கோலஸ் மேயரும் ரசிகர் இல்லை, விண்கலத்தின் கேப்டன் கிர்க்கைப் பழைய கடற்படைக் கதைகளின் கேப்டனைப் போலத்தான் பார்த்தார். அப்படி 1982இல் வந்ததுதான் ‘தி ராத் ஆஃப் கான்’. அதில் கிர்க்கின் பிறந்தநாளுக்கு டாக்டர் மெக்காய் ஒரு மூக்குக்கண்ணாடியைப் பரிசாகக் கொடுப்பார், ஞாபகம் இருக்கிறதா? நம் கேப்டனுக்கு வெள்ளெழுத்து! நம்மைப் போன்ற ஒருவனிடம் அந்தப் படத்தைக் கொடுத்திருந்தால் நாயகனுக்கு வயசாகிவிட்டது என்று எழுதக் கை வந்திருக்குமா, சொல்.

இன்னொன்று. அந்தப் படத்தில் கான், கிர்க்கின் குழுவில் இருந்த செக்கோவைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வான். ஆனால் கான் வந்தது முதல் சீசனில், செக்கோவ் தொடருக்குள் வந்ததே இரண்டாவது சீசனில்தான். தொடரில் ஊறிய ஒருவர் பேனாவைப் பிடித்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. சரி, நடந்துவிட்டது. அதனால் அந்தப் படம் உனக்குக் கொஞ்சமாவது குறைந்துபோயிற்றா?

அப்படியானால் ரசிகர்களைக் கிட்டவே சேர்க்கக் கூடாதா என்று கேட்பாய். அதுவும் இல்லை. காலத்தில் பயணம் செய்யும் டாக்டரைப் பற்றிய பிபிசி தொடர் ‘டாக்டர் ஹூ’வை உனக்கு நான் போட்டுக் காட்டிய வரிசை நினைவிருக்கிறதா? ஆர்வக்கோளாறில் முதலில் சைபர்மேன் என்ற இயந்திர மனிதர்கள் வரும் 1985ஆம் வருஷக் கதையைப் போட்டேன். பத்து நிமிஷத்துக்குள் நீ நாலைந்து கேள்வி கேட்டாய், ஒவ்வொன்றுக்கும் நான் நிறுத்தி நிறுத்தி விளக்கினேன், ஏனென்றால் அந்தக் கதை 1966இலும் 1967இலும் வந்த கதைகளின் மேல் நிற்கிறது. அந்த 1967 கதையின் நாடாக்களே 1985இல் காணாமல் போயிருந்தன, பிபிசியிடமே கிடையாது! முன்கதை எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவனுக்கு மட்டும் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

அப்புறம் 2005இன் முதல் எபிசோடைப் போட்டேன். நீ வாயே திறக்கவில்லை. அதை எழுதிய ரஸ்ஸல் டி டேவிஸ் சின்ன வயசிலிருந்தே வெறித்தனமான ரசிகர், தொடர் நின்றுபோயிருந்த காலத்தில் டாக்டர் ஹூ நாவலே எழுதியவர். 1963இலிருந்து 1989 வரை வந்த அத்தனையும் தெரிந்த மனுஷன், துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிலிருந்து ஆரம்பித்தார். கடைப் பொம்மைகள் உயிர்பெற்று அவளை நெருங்குகின்றன, யாரோ கையைப் பிடிக்கிறார், ஓடு என்கிறார். டாக்டரின் பரம எதிரியான டேலெக் ஆறாவது வாரம்தான் வருகிறது. தனக்குத் தெரிந்ததை அவ்வளவு நாள் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நினைத்துப் பார். பென்னட் அந்தத் தொடருக்கு நிஜமாகவே புது ஆள். டேவிஸ் மனசுக்குள் ஒரு புது ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எழுதினார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது.

ரசிகர் என்பது காப்பீடு மாதிரி என்று நினைக்காதே. பதின்ம வயதில், 1986இல், ‘டாக்டர் ஹூ’வின் குறைகளை டிவியிலேயே வந்து அடுக்கிய கிறிஸ் சிப்னால் 2018இல் அதற்கே பொறுப்பேற்றார். 2020இல் டாக்டரின் பிறப்புக் கதையை அவர் மாற்றியபோது கொதித்ததும் ரசிகர்கள்தான், நான் உட்பட. இந்தப் பக்கம், ஸ்டார் வார்ஸ் மேல் பெரிய பக்தி ஏதும் இல்லாத டோனி கில்ராய் கொடுத்த அதன் கிளைத் தொடர் ‘ஆண்டோர்’ஐ நீயே இரண்டு தடவை பார்த்துவிட்டாய்.

அந்தப் பேட்டியை நானும் தேடிப் படித்தேன். ரசிகரா என்று கேட்டதோடு விட்டுவிட்டார்கள். பழைய தொடரை முழுசாகப் பார்த்தாரா, பார்த்ததில் எந்தக் காட்சியில் நிறுத்தித் திரும்பப் போட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியவேண்டியது அந்த ஒன்றுதான். அடுத்த பேட்டியில் யாராவது கேட்டிருந்தால், எந்நேரமானாலும் சரி, அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்