ஒரு மணிக்குச் சாப்பிடு

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை.

அன்புள்ள கயலுக்கு,

பருப்புப் பொடி, வடகம், உன் பழைய பருத்திச் சட்டைகள் இரண்டு இதனுடன் வருகின்றன. கழுத்தில் தைத்திருந்த துணிச் சீட்டை அம்மா பிளேடால் நூல் நூலாகப் பிரித்து எடுத்துவிட்டாள். கத்தரியால் வெட்டினால் மிஞ்சும் விளிம்புதான் அதிகம் குத்தும் என்று இன்னமும் எனக்குப் பாடம் நடத்துகிறாள்.

பெங்களூரில் மழை என்று செய்தியில் பார்த்தேன். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடு. பசித்தால் சாப்பிடுகிறேன் என்று சொல்லாதே. உனக்குப் பசி தெரிவதில்லை, கை நடுங்கும்போதுதான் தெரிகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். போனில் அலாரம் வை. மணி வேண்டாம், அதிர்ந்தால் போதும்.

19 நாளாகப் போன் இல்லை என்பதை நான் எழுதப் போவதில்லை. அம்மாதான் காலண்டரில் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

போன தடவை வந்தபோது அடுப்படியில் நின்று, பால் காய்ச்ச முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். பத்து வயதிலேயே நெல்லை எக்ஸ்பிரஸ் நிற்கும் ஊர்களை எல்லாம் வரிசையாக ஒப்பித்த பெண்! அம்மா சிரித்தாள். நீ 'பர்ன் அவுட்' என்றாய், ஆட்டிசம் உள்ளவர்கள் தாங்கித் தாங்கிச் சக்தியெல்லாம் தீர்ந்து ஓய்ந்துபோவது என்றாய். இரண்டு நாள் தூங்கினால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லையே. மாதக்கணக்கில் நீளலாம், தெரிந்த வேலையும் கைவிட்டுப் போகலாம், பேச்சுகூடக் குறையலாம் என்றார்கள். அந்தப் 'பேச்சுகூட' என்பதுதான் ராத்திரியில் என்னை எழுப்பிவிடுகிறது.

2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை வாங்கிப் படித்தேன். 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான். இதில் 21, உன் ஆட்டிசமும் உண்டு. தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 21ஆவது பிரிவு சொல்கிறது. டியூப்லைட் கண்ணில் அடிக்காத மூலையில் ஓர் இருக்கை, காதை அடைத்துக்கொண்டு வேலை பார்க்க அனுமதி, வாயால் சொல்வதை எழுதியும் தரச் சொல்வது, இவையெல்லாம் கேட்கக் கூடாத சலுகைகளா? ஆனால் நீ கேட்கமாட்டாய். உன் கணக்கில் மூன்று வருடமாக ஒரு பிழைகூட இல்லை என்று தபால் ஓய்வூதியர் கூட்டத்தில் நான் சொல்லாத மாதம் இல்லை. ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்ப்பவள் தன் சாப்பாட்டுக் கணக்கை மட்டும் ஏன் விட்டுவிடுகிறாய்? ஒரு மணி, மறக்காதே.

கேட்கமாட்டாய் என்று எழுதிவிட்டேன். கேட்காதவளாக உன்னை வளர்த்தது யார்?

பெரியத்தை வீட்டுக் கல்யாணத்தில் தவில் அடித்தபோது நீ காதைப் பொத்திக்கொண்டு பந்தி மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தாய். உனக்கு ஏழு வயது. எல்லோரும் பார்க்கக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். மறுநாளிலிருந்து பீரோக் கண்ணாடி முன்னால் உனக்குப் பயிற்சி. கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் நெற்றிப் பொட்டைப் பார், எதிரே இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்று சொல்லிக்கொடுத்தேன். அந்த யுக்தியை எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்! நீயும் கெட்டிக்காரி, கற்றுக்கொண்டாய். இப்போது ஆபீசில் எட்டு மணி நேரம் எல்லோருடைய நெற்றியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். இப்படி இயல்பாக இருப்பதுபோல் நடிப்பதுதான் ஆளைத் தின்றுவிடுகிறது என்று டாக்டரம்மா சொன்னபோது, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து போனேனே, நான் தண்ணீர் குடிக்கவில்லை அம்மா. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

தீபாவளிக்கு வர வேண்டாம். வெடிச் சத்தம் ஓய்ந்த பிறகு வா, மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். அத்தை கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், என் முகத்தையும்தான்.

பேசவும் வேண்டாம். ஒரு புள்ளி மட்டும் தட்டி அனுப்பு. ஒரு மணிக்கு அனுப்பினால், சாப்பிட்டுவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

அப்பா