ஈரத்தாள் கட்டுக்கு இடம் கொடுத்த ஜெராக்ஸ் கடை பாய்க்கு

தமிழ்நாட்டு அரசியல்வாதி பி.டி.ஆர். பழனிவேல்ராஜனைப் பற்றிய என் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் கையெழுத்துப் போட்ட கை இன்னும் நடுங்குகிறது. மழையில் என் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும்; அதை விடுங்கள்.

பீரோவைத் தூக்கிய மாடி வீட்டார், அவகாசம் வாங்கித் தந்த நெறியாளர், மதுரையிலிருந்து பழைய செய்தித்தாள்களைப் படமெடுத்து அனுப்பிய நண்பர்கள், அனைவருக்கும் என் வணக்கம். ஆனால் இந்த மடல் திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடை பாய்க்குத்தான்.

சட்டப்பேரவை நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து மூன்று ஆண்டுகளாக எடுத்த நகல்கள் ஊறிக் கனத்துக் கிடந்தன. மறுநகல் கிடைக்குமா என்று கேட்டேன். “ஈரத்தாளை உள்ளே விட்டால் மெஷின் போய்விடும் தம்பி” என்றார். நான் திரும்பி நடந்தேன். கூப்பிட்டார். கடைக்குள் கொடி கட்டினார். துணி கிளிப் வாங்கிவர மகனை அனுப்பினார். நான்கு இரவுகள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒட்டிய தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக் ஸ்கேலை நுழைத்துப் பிரித்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டார்.

பக்க எண் அழிந்தவற்றை அடுக்கும்போது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: “பி.டி.ஆர். பழனிவேல்ராஜனைப் பற்றி என்றீர்கள், அவர் பெயரையே காணோமே?”

1996 முதல் 2001 வரை அவர் தமிழ்நாடு சட்டப்பேரவைத் தலைவர். குறிப்புகளில் அவர் பேசும் இடமெல்லாம் ‘மாண்புமிகு பேரவைத் தலைவர்’ என்றுதான் இருக்கும். 1936இல் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்த பி.டி. ராஜனின் மகன், ஐந்து ஆண்டுகள் அச்சில் பெயரில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். மூன்று ஆண்டுகள் படித்த எனக்கு இது உறைக்கவில்லை. ‘வாரிசு’ என்ற ஒரே சொல்லில் அவரை அடைத்திருந்த இரண்டாம் இயலை அன்றிரவே பிரித்தேன். வாரிசு அரசியல் என்ற கேள்வியையே கைவிட்டேன் என்று பொருளில்லை. 2006 மே மாதம் மதுரை மத்தியில் வென்று, அமைச்சராகி, அதே மாதம் அவர் மறைந்தார். 2016இல் அதே தொகுதியிலிருந்து அவர் மகன் பேரவைக்குள் வந்தார். அதையும் எழுதியிருக்கிறேன். நாற்காலியில் இருந்த ஐந்தாண்டுகளுக்குத் தனி இயல் ஒதுக்கியதுதான் புதிது.

பாய் புது நகல்களுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். ஒரு தாளில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பழுப்பாகப் பதிந்துவிட்டது. அதற்கு மூன்று முறை வருத்தப்பட்டார்.

பாய், அந்தத் தாளைத்தான் பின்னிணைப்பில் வைத்திருக்கிறேன். பெயர் போடக் கூடாது என்றீர்கள், போடவில்லை. வாய்மொழித் தேர்வு அன்று ஷட்டரை முழுதாகவே இறக்கிவிட்டு வந்துவிடுங்கள். முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறேன்.