லீவ் லெட்டரை நேராக எழுது

அன்புள்ள சுமதி,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. விடைத்தாள் கட்டுகள் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். திட்ட வேண்டியதை நேரில் வைத்துக்கொள். பத்மா விசாரித்தாள். அவளுடைய அந்தச் சத்தமான சிரிப்பு மாறவில்லை, நூலகத்தில் இன்றைக்கும் அவளை உள்ளே விட மாட்டார்கள்.

பிள்ளைகளைப் பள்ளி நடக்கும்போது பத்து நாள் வெளியூர் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறாய். அடுத்த வரியிலேயே டிக்கெட் எவ்வளவு மலிவு என்றும் எழுதியிருக்கிறாய். ஆக, யோசனை கேட்கவில்லை, ஆசீர்வாதம் கேட்கிறாய். டீச்சரிடம் கேட்டால் கூடாது என்றுதான் சொல்வாள் என்றாராமே உன் வீட்டுக்காரர்? சொல்ல மாட்டேன் என்று அவரிடம் சொல். பள்ளி மூடியிருக்கும் வாரங்களில் டிக்கெட்டும் அறையும் எப்படி ஏறுகின்றன என்று எனக்கும் தெரியும். ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்களுக்குப் பிள்ளைகள் லீவில் லீவு கிடைப்பதில்லை என்பதும் தெரியும். இதையெல்லாம் மறந்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் 'பொறுப்பில்லாத பெற்றோர்' என்று பேசுகிறவர்களோடு எனக்கு எப்போதும் தகராறுதான். ஆனால் "பத்து நாள்தானே" என்று எழுதினாய் பார், அந்தத் 'தானே' மேல்தான் எனக்குக் கோபம்.

பள்ளி ஆண்டு என்பது பெரும்பாலான நாடுகளில் 180க்கும் 200க்கும் இடைப்பட்ட நாட்கள். அதில் பத்து நாள் போனால் ஐந்து சதவீதமாவது போயிற்று. சளி, காய்ச்சல், கல்யாணம், பல் டாக்டர் எல்லாம் தனிக்கணக்கு. அமெரிக்காவில் பத்து சதவீதம் விட்டுப்போனாலே அதை நாள்பட்ட வருகையின்மை என்று கணக்கில் எழுதுகிறார்கள்; 180 நாளில் 18. நீ ஒரே பயணத்தில் அதில் பாதிக்கு மேல் செலவழிக்கிறாய். சரி, அதுகூடப் பெரிய விஷயமில்லை. எத்தனை நாள் என்பதைவிட எந்த நாட்கள் என்பதுதான் பிள்ளையின் தலையில் விடியும்.

கணக்கை எடுத்துக்கொள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சமான பின்னங்கள் நடக்கிறது: 1/2ஐ 3/6 என்று எழுதலாம், 1/3ஐ 2/6 என்று எழுதலாம். புதன்கிழமை வேற்றினப் பின்னங்களைக் கூட்டுவது. முதல் இரண்டு நாள் வராத பிள்ளை புதன்கிழமை வந்து உட்கார்ந்து, தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும். 5/6 எங்கிருந்து வந்தது என்று அதற்குப் புரியாது. அட்டெண்டன்ஸில் இரண்டு நாள் லீவு. உண்மையில் அந்த வாரமே போயிற்று. இதுவே அதே பாடத்தின் கடைசி இரண்டு நாள், வெறும் பயிற்சிக் கணக்கு நடக்கிற நாட்கள் என்றால், வீட்டிலேயே ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம். வரலாறு, புவியியல் எல்லாம் பிள்ளை தானே படித்துக்கொள்ளும். அறிவியலில் பாடம் போனால் பரவாயில்லை, பிராக்டிகல் போனால் திரும்ப வராது. உனக்காக மறுபடி யாரும் கருவிகளை எடுத்து வைக்க மாட்டார்கள். குழு ப்ராஜெக்ட் இன்னும் மோசம். உன் மகன் பங்கை மற்ற மூன்று பிள்ளைகள் செய்வார்கள், ஆண்டு முழுக்க அதைச் சொல்லிக் காட்டவும் செய்வார்கள்.

அதனால் தேதி குறிக்கும் முன் பள்ளி நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு விலக்க வேண்டியதை விலக்கு. ஆண்டின் முதல் இரண்டு வாரம் வேண்டவே வேண்டாம். யார் பக்கத்தில் யார், எந்தக் குழு, என்ன விதி, எல்லாம் அப்போதுதான் அமைகிறது. தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரமும் வேண்டாம். பொதுத்தேர்வு ஆண்டைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகும் முதல் வகுப்பையும் அந்தப் பட்டியலில் சேர், சின்ன கிளாஸ்தானே என்று நினைக்காதே. தினமும் கொஞ்சம் என்று வருகிற பழக்கம் அது. நல்லது எது என்றால், தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்துகிற நாட்கள், அல்லது ஏற்கெனவே வருகிற விடுமுறையின் ஓரம். வெள்ளி கிளம்பிச் செவ்வாய் இரவு திரும்பினால் பயணம் ஐந்து நாள், பள்ளி நாள் மூன்று. திங்கள் விடுமுறையானால் இரண்டே. பத்து நாளையும் ஒரே கட்டாக வெட்டுவதைவிட இப்படி ஓரத்தில் கிள்ளுவது எவ்வளவோ மேல். ஆனால் ஆண்டுவிழா நாடகத்தில் சின்னவளுக்கு வேஷம் ஏதாவது இருக்கிறதா என்று அவளிடமே கேட்டுக்கொள். உனக்குத் தெரிந்திருக்காது.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒத்துவரும் வாரம் அமையாவிட்டால் பெரியவன் நாட்காட்டியைப் பின்பற்று. மேல்வகுப்பில் ஒரு நாளின் விலை அதிகம். அவனிடம் கேட்டுவிட்டுத் தேதி குறி. அந்த வயதுப் பையனுக்கு ஒரு மேட்ச் விட்டுப்போவது நீ நினைப்பதைவிடப் பெரிய இழப்பு.

சட்டம் என்ன என்று அலட்சியமாக ஒரு வரி எழுதியிருந்தாய். ஊருக்கு ஊர் வேறு. இங்கிலாந்தில் இருக்கிற மாலதியைக் கேள், மூச்சுவிடாமல் சொல்வாள். அங்கே 2024 ஆகஸ்டிலிருந்து நாடு முழுக்க ஒரே விதி: பத்துப் பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லாமல் பத்து அரைநாள், அதாவது ஐந்து முழுநாள், சேர்ந்துவிட்டால் அபராதம் விதிப்பதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். ஒரு பிள்ளைக்காக ஒரு பெற்றோர் கட்டுவது 80 பவுண்டு, அதுவும் 21 நாளுக்குள் கட்டினால். அதைத் தாண்டினால் 28 நாளுக்குள் 160. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் என்றால் குறைந்தபட்சமே 320. மூன்று ஆண்டுக்குள் அதே பிள்ளைக்காக இரண்டாம் முறை என்றால் எடுத்த எடுப்பில் 160. மூன்றாம் முறை அபராதச் சீட்டே கிடையாது, வழக்கு வரை போகலாம். மற்ற நாளெல்லாம் என் மகள் ஒழுங்காகத்தானே வந்தாள் என்று ஒரு தந்தை உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். 2017இல் அந்த வாதம் எடுபடவில்லை. ஜெர்மனியில் பள்ளி வருகை சட்டக் கடமை. 2018இல் பவேரியாவில் விடுமுறை தொடங்கும் முன்பே கிளம்பிய குடும்பங்களைப் போலீஸ் விமான நிலையத்தில் நிறுத்திக் கேட்டதே செய்தியாயிற்று. நெதர்லாந்தில் பெற்றோரின் தொழில் காரணமாக எந்தப் பள்ளி விடுமுறையிலும் சேர்ந்து போகவே முடியாது என்றால் ஆண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் பத்துப் பள்ளி நாள் லீவு தரலாம், ஆண்டின் முதல் இரண்டு வாரம் நீங்கலாக. இந்தியாவில் சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். கூட்டம் ஒரே நேரத்தில் குவியாமல் இருக்க பிரான்ஸில் நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்துக் குளிர்கால விடுமுறையை வெவ்வேறு வாரத்தில் விடுகிறார்கள். எல்லா ஊரிலும் இப்படிச் செய்தால் உனக்கும் எனக்கும் இந்தக் கடிதத்துக்கே வேலை இருக்காது. உன் பள்ளி விதி பள்ளிக் கையேட்டில் இருக்கும். பக்கத்து வீட்டு அம்மா சொன்னதை நம்பாதே.

அனுமதிக் கடிதம் குறைந்தது நாலு வாரம் முன்பு. தலைமையாசிரியருக்கு, நகல் கிளாஸ் டீச்சருக்கு. அதில் இருக்க வேண்டியது: பிள்ளை பெயர், வகுப்பு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அதில் பள்ளி நாள் எத்தனை, காரணம் ஒரே வரியில், இந்த ஆண்டு இதுவரை எத்தனை நாள் லீவு, விட்டுப்போனதை எப்படிப் படிக்க வைப்பீர்கள், அவசரத்துக்குத் தொடர்பு எண். 'தெரிவித்துக்கொள்கிறேன்' என்று முடிக்காதே, 'அனுமதி வேண்டுகிறேன்' என்று எழுது. டிக்கெட் போட்டுவிட்டோம் என்று எழுதினால் அது வேண்டுகோள் இல்லை, அறிவிப்பு. படிக்கிறவருக்கு உடனே தெரியும். கல்விச் சுற்றுலா, பண்பாட்டு அனுபவம் என்று பூச வேண்டாம். கடற்கரைக்குப் போகிறீர்கள், குடும்பமாக. அது போதுமான காரணம்தான். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள். மறுத்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே இருவரும் பேசிவிடுங்கள்.

வயிற்றுவலி நாடகத்தில் நீ பழம்பெரும் நடிகை என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். காய்ச்சல் என்று பொய் சொல்லாதே. மாட்டிக்கொள்வாய் என்பது ஒருபுறம். திங்கட்கிழமை காலை சின்னவள் வகுப்பு முழுக்கக் கிளிஞ்சல் காட்டுவாள், உன் நாத்தனார் படம் போடுவார், அதே பள்ளியில் அண்ணன் வேறு அதே நாட்களில் வரவில்லை. அதையெல்லாம்கூடச் சமாளித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. ஆனால் அந்தப் பொய்யைத் தினமும் வகுப்புக்குச் சுமந்துகொண்டு போவது நீ இல்லை, ஏழு வயதுக் குழந்தை. உடம்பு சரியாயிற்றா என்று டீச்சர் கேட்கும்போது தலையாட்ட வேண்டியது அவள். நாளைக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தால் பள்ளி உன்னைச் சந்தேகிக்கும். மருத்துவச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்து, அது வேறு குற்றம்.

டீச்சரிடம் போய் "பத்து நாளுக்கு ஒர்க்‌ஷீட் கொடுங்கள்" என்றும் கேட்காதே. எங்கள் தொழிலில் உள்ளதிலேயே வீணான வேலை அது. பத்து நாள் கழித்து எந்தப் பக்கத்தில் இருப்போம் என்று எங்களுக்கே துல்லியமாகத் தெரியாது. போர்ஷன் திட்டம் ஒரு பக்கம், வகுப்பு ஒரு பக்கம். உட்கார்ந்து தயாரித்துக் கொடுத்த தாள்கள் மடிப்புக்கூடக் கலையாமல் திரும்பி வரும். அதற்குப் பதில் மூன்றே கேள்வி கேள்: அந்த நாட்களில் என்ன பாடம் தொடங்குகிறது, என்ன டெஸ்ட் அல்லது ஒப்படைப்பு வருகிறது, எந்த ஒன்று விட்டுப்போனால் கஷ்டம். அந்த ஒன்றைக் கிளம்பும் முன்பே வீட்டில் ஆரம்பித்துவிடு. நோட்டு ஒழுங்காக எழுதுகிற ஒரு பிள்ளையின் அம்மாவிடம் முன்கூட்டியே பேசி வைத்து, தினமும் இல்லாவிட்டாலும் வாரக் கடைசியில் படமெடுத்து அனுப்பச் சொல். ஊரில் இருக்கும்போது காலையில் வெளியே கிளம்பும் முன் இருபது நிமிட வாசிப்பு, ஐந்து கணக்கு, அவ்வளவுதான். விமானத்தில் படிக்க வைக்கலாம் என்பது உன் கற்பனை. தினம் டைரி எழுதச் சொல்லியும் வதைக்காதே.

திரும்பும் தேதியில்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். ஞாயிறு நள்ளிரவு வந்து இறங்கி, திங்கள் காலை பள்ளி என்பது காகிதத்தில் மட்டும் நடக்கும். நேர வித்தியாசம் உள்ள நாடு என்றால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய ஒரு நாள் உடம்பு சமப்பட எடுக்கும், கிழக்கு நோக்கிய பயணத்தில் இன்னும் கஷ்டம். சனிக்கிழமையே வீடு வந்து சேர். விமானம் தாமதமானாலும் கையில் ஒரு நாள் இருக்கும், சீருடை துவைக்கவும் ஆகும்.

இவ்வளவும் முக்கியமாகப் பெரியவனுக்கு. அவனைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. சின்னவள் ஞாயிறு சாயங்காலம் ஆனால் வயிறு வலிக்கிறது என்கிறாள் என்று நீ கடைசியில், போகிறபோக்கில் எழுதியிருந்தாய். உன் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒரு வரிதான். பள்ளிக்குப் போகத் தயங்கும் குழந்தைக்கு நீண்ட லீவு அன்றைக்கு மருந்து மாதிரித் தெரியும். திரும்பிப் போகிற நாளில்தான் அதன் பாரம் தெரியும். போகாமல் இருந்தால் பயம் இறங்குகிறது என்று குழந்தை ஒருமுறை கண்டுகொண்டால், அடுத்த முறை இன்னும் உறுதியாகப் படுத்துக்கொள்ளும். அதனால் பயணத்துக்கு முன்பே கிளாஸ் டீச்சரைத் தனியாகப் பார். வலி எந்தக் கிழமை, எந்தப் பீரியட் உள்ள நாள், மதிய இடைவேளையில் யாரோடு இருக்கிறாள் என்று இரண்டு வாரம் குறித்து வைத்துக்கொண்டு போய்ப் பேசு. டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடு, நிஜமாகவே வயிறாக இருக்கலாம். காரணம் தெரியும்வரை இந்தப் பிள்ளையைப் பத்து நாள் வெளியே எடுக்காதே. போவதாக இருந்தால் இரண்டு நாள், மூன்று நாள்.

திரும்பி வந்ததும் முதல் நாள் முழு நாளும் போக வேண்டும். அரைநாள் பேரம், "களைப்பாக இருந்தால் நாளைக்கு லீவு" என்ற வாக்குறுதி எதுவும் கூடாது. இரண்டு நாள் முன்பிருந்தே பள்ளி நேரத்துக்கு எழுப்பு. முந்தைய நாள் ஒரு வகுப்புத் தோழியை வீட்டுக்கு வரச்சொல். வாசலில் நின்று நீண்ட நேரம் சமாதானம் சொல்லாதே. சொல்லிவிட்டு நகர்ந்துவிடு, டீச்சர் வாங்கிக்கொள்வார், அதற்குத்தான் முன்பே சொல்லி வைப்பது.

டிக்கெட்டில் தேதி மாற்ற முடியுமா என்று இன்றைக்கே விசாரி. பள்ளி நாட்காட்டியைப் படமெடுத்து அனுப்பு, எந்த வாரம் என்று நான் குறித்துத் தருகிறேன். லீவ் லெட்டர் வரைவை உன் வீட்டுக்காரர் எழுத வேண்டாம், அவர் எழுதினால் நாலு பக்கம் போகும். சின்னவளிடம் டீச்சர் சித்தி கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரேவதி